பதுளை மலையில் ஒரு கடல்: தொட்டி வாங்குமுன் கொப்பியைத் திறவுங்கள்

வியாபாரப் பக்கத்தில் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். பதுளை நகரில் மின்சாரப் பொருட்கள் விற்கும் கடை நடத்தும் எனக்கும் 2019ஆம் ஆண்டு வரை அந்த விடயத்தோடு எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. முதலில், வீட்டில் வைத்த ஒரு கடல் நீர்த் தொட்டியால் பணம் நட்டப்பட்டேன். பிறகு, இன்னொருவருக்கு விற்ற தொட்டியால் பெயர் நட்டப்பட்டேன். இரண்டு நட்டங்களிலும் படித்ததை, இதே எண்ணத்தோடு இருக்கும் சகோதரர்களுக்காக எழுதுகிறேன். அழகுக்காக வீட்டில் வைக்க நினைப்பவருக்கும், தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

ரூபாவில் விலை எதையும் எழுதவில்லை. இத்தொட்டிக்குத் தேவையான உப்பு, விளக்கு, மோட்டர், பரிசோதனைப் பெட்டி எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அவ்வருடம் மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனதை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். இன்று எழுதும் விலை நாளை பிழையாகும். ஆகவே அளவுகளை எழுதுகிறேன். விலையை உங்கள் கொப்பியில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்

2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் உலகம் முழுவதும் பிள்ளைகளின் மனதில் ஒரு செம்மஞ்சள் மீனைக் குடியேற்றியது. என் இளைய மகனுக்கும் அந்த ஆசை வந்தது. 2019இல் கொழும்புக்குக் கொள்வனவுக்குப் போன ஒரு பயணத்தில் நான்கு அடிக் கண்ணாடித் தொட்டி, உப்பு, மோட்டர், விளக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினேன். தண்ணீர் கரைத்து மூன்று நாள் ஓடவிட்டால் போதும் என்று விற்றவர் சொன்னார். நான்காம் நாள் ஆறு மீன்களை விட்டேன். ஏழாம் நாள் சுபஹுக்குப் பிறகு மகன் வந்து, "வாப்பா, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூச்செடுக்குது" என்றான். அன்று மாலைக்குள் ஆறும் போய்விட்டன.

விற்றவரைக் குறை சொல்வதில் பயனில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு புதிய குளிர்சாதனப் பெட்டியைச் செருகியவுடன் வேலை செய்வது போல இதுவும் வேலை செய்யும் என்று நினைத்தேன். அது பொருளல்ல, உயிர் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நடந்தது இதுதான். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பக்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றின் கெடுதி அவற்றை விட மிகக் குறைவு. வாராந்தம் தண்ணீர் மாற்றி அதைக் குறைக்கலாம். இந்த இரண்டு வகை பக்றீரியாவும் கல்லிலும் மணலிலும் போதியளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அந்த ஆறு வாரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. தேயிலைக் கன்றை நட்டுவிட்டு முதல் கொழுந்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் மாகாணத்தில் பிறந்தவன் நான். ஆறு வாரம் பொறுக்க எனக்கு முடியாமல் போய்விட்டது.

மலை ஊரின் சாதகம்

2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் கடை மூடிக் கிடந்தபோது மீண்டும் ஆரம்பித்தேன். இம்முறை முதல் செலவு ஒரு கொப்பியும் பேனையும்தான்.

முதலில் பாரம். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி ஏறத்தாழ 240 லீற்றர் கொள்ளும். தண்ணீர், கண்ணாடி, கல், மணல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 400 கிலோ அளவில் வரும். அதாவது எட்டு மூட்டை சீமெந்து. எமது பழைய கடைகளின் மேல்மாடி பல இடங்களில் பலகைத் தளம். அதில் எட்டு மூட்டை சீமெந்தை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அடுக்கி வைப்பீர்களா? கீழ்த்தளத்தில், கொங்கிரீட் தரையில், வெயில் நேரே படாத சுவர் ஓரமாக வையுங்கள்.

அடுத்தது வெப்பநிலை. முருகைக்கல் எனப்படும் பவளம் 25, 26 பாகை செல்சியஸில் நன்றாக இருக்கும். அதைவிட முக்கியம், அது ஒரே அளவில் நிற்க வேண்டும். 1998இல் கடல் நீர் வழமையை விட ஓரிரு பாகை கூடி சில வாரங்கள் அப்படியே நின்றபோது, கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃப் பகுதியின் ஆழம் குறைந்த இடங்களிலும் ஹிக்கடுவையிலும் முருகைகள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. முருகையின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு சமைக்கிறது. சூடு கூடினால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பிறகு முருகை பட்டினியால் சாகும். பெருங்கடலிலேயே ஓரிரு பாகை இப்படிச் செய்யுமென்றால் 240 லீற்றர் தண்ணீர் எம்மாத்திரம்?

இங்கேதான் எமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கொழும்பில் இத்தொட்டி வைப்பவர் தண்ணீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' இயந்திரத்துக்குப் பெரும் பணம் கட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கும் பதுளையில் அது எனக்குத் தேவைப்படவில்லை. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். எமக்குத் தேவை ஹீற்றர். மார்கழி, தை இரவுக் குளிருக்கு 300 வாற்று அளவு வேண்டும். ஆனால் 300 வாற்று ஹீற்றர் ஒன்றை வாங்காமல் 150 வாற்று ஹீற்றர் இரண்டை வாங்குங்கள். ஒன்று பழுதாகி நின்றால் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பலம் அதற்கு இருக்காது.

தோட்டத்து ஊற்றும் செம்பும்

எமது ஊற்றுத் தண்ணீரைப் பற்றி எங்களுக்குப் பெருமை அதிகம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்யும் நண்பர், "மலை ஊத்துத் தண்ணி, கண்ணாடி மாதிரி. அத விட நல்ல தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டார். குடிக்க நல்லதுதான். ஆனால் தேயிலை மலையின் ஓடைகளில் யூரியா போன்ற பசளைகளின் மிச்சம் கலந்திருக்கலாம். அது தொட்டிக்குள் போனால் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படரும். அதைவிட ஆபத்து செம்பு. தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் செம்பு கலந்தவை உண்டு. மீன் தாங்கக்கூடிய செம்பு அளவே இறாலையும் முருகையையும் கொன்றுவிடும். பித்தளைக் குழாய்ப் பொருத்துகளில் இரவு முழுக்க நின்ற தண்ணீரிலும் அதே பயம் இருக்கிறது.

ஆகவே ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணீர்தான் பாதுகாப்பு. சிறுநீரக நோய்ப் பிரச்சினையால் மகியங்கனை, கிராந்துருக்கோட்டைப் பக்கங்களில் குடிநீருக்காக அமைத்த ஆர்.ஓ. நிலையங்களை எம்மவர் பலர் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான், சிறிய அளவில். வீட்டுக்கான சிறிய இயந்திரம் ஒன்றே போதும். அது வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் நிலம் கழுவவும் மரக்கறிச் செடிக்கும் பாவிக்கிறோம்.

அதே நண்பர் இன்னொன்றும் கேட்டார். தேயிலை நிலத்தின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைற்றில் கல்சியமும் மக்னீசியமும் இருக்கிறதே, முருகைக்கும் அதுதானே தேவை, தொட்டியில் கொட்டினால் என்ன என்று. நல்ல கேள்வி. ஆனால் கடல் நீரில் டொலமைற்று முருகைக்குப் பயன்படும் அளவுக்குக் கரையாது. அகழ்ந்தெடுத்த தூளில் வேறு என்ன கனிமம் கலந்திருக்கிறது என்பதும் எமக்குத் தெரியாது. தோட்டத்துச் சரக்கைத் தோட்டத்திலேயே விட்டுவிடுவோம்.

பொத்துவில் லொறி

கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அடர்த்திமானியில் 1.025 என்று காட்ட வேண்டும். 240 லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிலோ தொட்டி உப்பு பிடிக்கும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் 900 கிராம், மாதத்துக்கு 4 கிலோவுக்குக் கிட்ட. சமையல் உப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் உப்பு விளையும்போதே கல்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன.

2021இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் தொட்டி உப்பு கிடைக்காமல் போனது. பொத்துவிலிலிருந்து பதுளைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் வியாபாரி ஒருவரிடம் பேசி, சியம்பலாண்டுவ, மொனராகலை, பசறை வழியாகக் கலன்களில் கடல் நீர் எடுப்பித்தேன். "கடல் தண்ணிக்கு லொறி வாடக குடுக்குற மொத ஆளு நீங்கதான் நானா" என்று அவர் சிரித்தார். ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு பாடம் இருந்தது. ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில், மழைக்குப் பிறகு எடுத்த கலன்களில் உப்பு குறைவாக இருந்தது. அளக்காமல் ஊற்றியிருந்தால் மறுபடி நட்டம். கடலில் இருந்து வந்தது என்பதற்காக அளவுகோலை மடித்து வைக்க முடியாது.

இன்னொரு பிழையைப் பலரும் செய்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. ஆகவே வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரை நிரப்பினால் உப்பின் செறிவு நாளுக்கு நாள் ஏறும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் வரை வற்றும். நான் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலையில் கடைக்குப் போகுமுன் அந்தக் கோட்டுக்குத் தண்ணீர் நிரப்புவது மகனின் வேலை.

எதை விடுவது, எப்போது விடுவது

இரண்டாம் முறை ஆறு வாரம் வெறும் கல்லையும் மணலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளந்து கொப்பியில் எழுதினேன். இரண்டும் ஏறி, இறங்கி, பூச்சியத்தில் நின்ற பிறகுதான் முதல் சோடி மீன் வந்தது. அடுத்தது ஒரு மாதம் கழித்து இரண்டு இறால்கள். முதல் முருகைத் துண்டு ஐந்தாம் மாதம்.

அந்தச் சோடி மீனை அப்போது இரவு ரயிலில்தான் கொண்டுவந்தேன். ரயில் 1,800 மீற்றருக்கு மேல் உயரமான பட்டிப்பொலயைத் தாண்டி வருவதால் இரண்டு விடயங்கள் கவனிக்க வேண்டியிருந்தன. மேலே காற்றழுத்தம் குறைவதால் பை உப்பும், ஆகவே இறுக்கமாக ஊதிக் கட்டக் கூடாது. குளிரும் கடுமை, ஆகவே ரெஜிபோம் பெட்டி அவசியம். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்த பிறகே மீனை விட்டோம்.

படத்தில் வரும் அந்தச் செம்மஞ்சள் மீன் எமது கடல் மீன் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அது தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்படுகிறது. இந்தியாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவ்வினத்தையும் இதன் உறவு மீன்கள் பலவற்றையும் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. எமக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபத்திலும் அதன் நிலையம் இருக்கிறது. வளர்ப்பு மீனுக்குக் கண்ணாடியும் தெரியும், தீனியும் தெரியும். அதன் விலை கூட, ஆனால் ஆயுளும் கூட. மாறாக, எமது கடலில் பிடிபட்டு ஏற்றுமதியாகும் 'பவுடர் ப்ளூ' மீன் பார்க்க அழகு. ஆனால் அது 20 சென்றி மீற்றர் வரை வளர்ந்து நாள் முழுக்க நீந்தும் இனம். நான்கு அடித் தொட்டி அதற்குச் சிறைச்சாலை. வாடிக்கையாளர் கேட்டாலும் நான் எடுத்துக் கொடுப்பதில்லை.

சட்டத்தின் பக்கம்

ஒருநாள் ஒருவர் ஒரு வாளியோடு கடைக்கு வந்தார். கரையோரத்தில் எடுத்த உயிர் முருகை, மலிவு விலை என்றார். விலை உண்மையில் மலிவுதான். அனுப்பிவிட்டேன். வர்த்தகர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் செய்த திருத்தத்தின்படி, கரையோர வலயத்தில் முருகைக்கல்லைத் தோண்டுவது, சேகரிப்பது, வைத்திருப்பது, எரிப்பது, கொண்டு செல்வது எல்லாமே குற்றம். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் கல் முருகைகளைப் பாதுகாக்கிறது. எல்லை கடந்து கொண்டுவருவதென்றால் 'சைற்றிஸ்' எனும் சர்வதேச உடன்படிக்கையின் அனுமதிப் பத்திரமும் வேண்டும்.

சட்டத்துக்குப் பின்னால் நியாயமும் இருக்கிறது. கட்டியாக வளரும் முருகை ஒரு வருடத்தில் ஒரு சென்றி மீற்றர் அளவே கூடும். கால்பந்து அளவான கல் ஒன்று இருபது வருடச் சொத்து. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக முருகைக்கல் தோண்டிய இடங்களில் 2004 சுனாமியின் சேதம் அதிகமாக இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கடலின் வேலியைப் பிடுங்கி வீட்டுக்குள் அழகு வைப்பதில் என்ன இருக்கிறது? தொட்டிக்கென்றே செய்யப்பட்ட செயற்கைக் கல் கிடைக்கிறது. ஒரு வருடத்தில் அதன் மேலும் நிறம் படர்ந்து இயற்கைக் கல் போலாகிவிடும். முருகை வேண்டுமென்றால், வளர்ப்பில் பெருக்கிய துண்டுகளை, இறக்குமதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் வாங்குங்கள். பத்திரம் இல்லையென்றால் வெறும் மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லயில் போன பெயர்

என் தொட்டி ஒரு வருடம் அழகாக நின்றது. பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 2021 இறுதியில் எல்லயில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் தனது வரவேற்பறைக்கு ஒன்று வேண்டும் என்றார். நல்ல இலாபம் வைத்து, எல்லாவற்றையும் நானே பூட்டிக் கொடுத்தேன். ஆறு வாரம் காத்திருந்தே மீன் விட்டோம். அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. ஆனால் இன்னொரு கணக்கை அவருக்குச் சொல்லவில்லை.

அந்தக் கணக்கு மின்சாரம். ஹீற்றர் 300 வாற்று, சராசரியாக ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்: 2.4 அலகு. மோட்டர்களும் கழிவு நுரையைப் பிரிக்கும் 'ஸ்கிம்மரும்' சேர்ந்து 80 வாற்று, 24 மணித்தியாலம்: 1.9 அலகு. விளக்கு 120 வாற்று, 9 மணித்தியாலம்: 1.1 அலகு. நாளொன்றுக்கு 5.4 அலகு, மாதத்துக்கு 160 அலகுக்கு மேல். வீட்டுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால், ஏற்கனவே ஓடும் அலகுகளுக்கு மேல் இந்த 160 வந்து நிற்கும்போது பில் எந்த அடுக்குக்குப் போகும் என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டர் நின்ற சில மணித்தியாலங்களில் தண்ணீரில் ஒட்சிசன் குறையத் தொடங்கும். மலைக் குளிரில் சூடும் இறங்கும்.

2022இல் நாடு இருளுக்குப் போனது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. அந்த விடுதியில் ஜெனரேற்றர் இருந்தது, ஆனால் டீசல் இல்லை. ஒரே இரவில் தொட்டி முடிந்தது. விடிந்ததும் அழைப்பு எடுத்தவர் கத்தவில்லை. மெதுவாக ஒன்றைத்தான் கேட்டார்: "இது ஒங்களுக்குத் தெரியாதா நானா, இல்ல, தெரிஞ்சும் சொல்லல்லயா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. தெரியாது என்றால் தெரியாத பொருளை விற்றவன் ஆகிறேன். தெரியும் என்றால் அதைவிட மோசம். என் வீட்டுத் தொட்டிக்கு நான் இன்வேர்ட்டரும் பற்றரியும் வைத்திருந்தேன். அவருக்கு அதைச் சொன்னால் மொத்த விலை கூடிவிடும், விற்பனை தவறிவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். உண்மை இதுதான். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதை மத்ரஸாவில் சிறு வயதிலேயே படித்தவர்கள் நாம். எனக்கு அது எல்லயில்தான் உறைத்தது. ஒரு கிழமைக்குள் போய்த் தொட்டியைக் கழற்றி எடுத்தேன், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பாதியை மட்டும் எடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

பற்றரியின் கணக்கும் கடினமானதல்ல. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி பற்றரியில் 1,200 வாற்று மணி இருக்கிறது. பற்றரி கெடாமல் இருக்கப் பாதியை எடுத்தால் 600. 40 வாற்று மோட்டர் ஒன்றை மட்டும் ஓட்டினால், இன்வேர்ட்டரில் போகும் நட்டத்தையும் கழித்து, 12 மணித்தியாலம் தாங்கும். விளக்கும் ஸ்கிம்மரும் அந்நேரம் தேவையில்லை. தொட்டியைச் சுற்றிக் கம்பளிப் போர்வை போட்டால் சூடும் நிற்கும். இத்தோடு கசிவு மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கும் இடம் இது. பிள்ளைகள் கை வைக்கும் இடமும் இதுதான்.

2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டு போயின, பாதைகள் அடைபட்டன, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. எங்கள் பகுதியிலும் மின்சாரம் இல்லை. என்னிடம் ஓடிய பற்றரியைக் கேட்டு அயலவர்கள் தொலைபேசிகளோடு வந்தார்கள். தோட்டத்து லயன்களில் இருந்த தங்கள் சொந்தங்களின் குரலைக் கேட்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் தொட்டிக்கு மோட்டரை ஓட்டினேன், மிச்சம் தொலைபேசிகளுக்கு. மீன்கள் தப்பின. வருடக்கணக்காக வளர்த்த முருகைகளில் பாதி போயின. அதில் எனக்குக் கவலை இருக்கிறது, வருத்தம் இல்லை.

தொழிலாகச் செய்ய நினைப்போருக்கு

பதுளையிலும் ஊவாவின் மற்ற நகரங்களிலும் இதற்குச் சந்தை உண்டு, ஆனால் சிறியது. விடுதிகள், வைத்தியர்களின் அறைகள், வசதியான சில வீடுகள். இதற்காகக் கடல் மீனை வாங்கிக் கடையில் அடுக்கி வைத்தால் முதலும் சாகும், மீனும் சாகும். முற்பணம் வாங்கிய பிறகே கட்டளை கொடுங்கள். நாளாந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நன்னீர் மீன்கள் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் சேமித்த காசில் வாங்கிப் போவது கப்பி மீனைத்தான். இந்தக் குளிருக்குத் தங்கமீனும் நன்றாக நிற்கும்.

கடல் தொட்டியில் இலாபம் விற்பனையில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. மாதாந்த ஒப்பந்தம் போடுங்கள். வாரம் ஒருமுறை போய்ப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது, அளப்பது, ஸ்கிம்மர் கழுவுவது, கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குவது. கலந்து அளந்த கடல் நீரைக் கலனில் விற்கலாம். தாங்கிகளை எமது தச்சர்களே செய்வார்கள். உப்பும் பரிசோதனைப் பெட்டியும் எப்போதும் இரண்டு மாதத்துக்கு இருப்பில் வையுங்கள். மழைக்காலத்தில் பாதை எப்போது அடைபடும் என்று எமது மாகாணத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அளவுகளை ஒரு தாளில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வெப்பநிலை 25 முதல் 26. அடர்த்தி 1.025. அமோனியா, நைத்திரைற்று பூச்சியம். நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லி கிராமுக்குக் குறைவு. முருகை இருந்தால் கல்சியம் 400 முதல் 450 மில்லி கிராம், காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். இவற்றில் ஒன்று பிசகினால் ஒரே நாளில் திருத்தப் பார்க்க வேண்டாம். மெதுவாகப் பிசகியதை மெதுவாகவே திருத்த வேண்டும்.

எல்ல சம்பவத்துக்குப் பிறகு நான்கு தொட்டிகள் விற்றிருக்கிறேன். விற்குமுன் வாடிக்கையாளரின் கையில் ஒரு தாள் கொடுக்கிறேன். அதில் மாத மின்சார அலகு, மாத உப்பு, பற்றரியின் விலை, ஆறு வாரக் காத்திருப்பு எல்லாம் இருக்கும். அதைப் படித்துவிட்டு எழுந்து போனவர்கள் பலர். அந்த நால்வரும் படித்துவிட்டு வாங்கியவர்கள். நால்வரின் தொட்டியும் இன்றுவரை நிற்கிறது. எழுந்து போனவர்களில் ஒருவர் போன மாதம் கடைக்கு வந்து ஒரு மின்விசிறி வாங்கினார். "அண்டைக்கி நீங்க உள்ளதச் சொன்னீங்க நானா, அதுக்காகத்தான் இஞ்ச வந்தேன்" என்றார்.